அரிசி டின்னில் இருந்த கவர்

மாசி 3, செவ்வாய்

விடியலில் பனி. பத்து மணிக்கே வெயில் சுரீரென்று. நல்ல தண்ணீர் ஏழு குடம். மிளகாய் காயப்போட்டேன்.

பதினொரு மணிக்குத் தபால். பேத்தி சுமதி பெயருக்கு நீளக் கவர். மேலே யுனிவர்சிட்டி முத்திரை. அவள் எழுதிப் போட்டிருந்த ஸ்காலர் திட்டம்தான். சயின்ஸ், இன்ஜினியரிங் படிக்கிறவர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி, ஆளுக்கொரு புரொபசரிடம் சேர்த்துவிடுவார்களாம். படிக்கும்போதே சொந்த ஆராய்ச்சி. பம்ப் மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் கருவி செய்யப் போகிறாளாம் இவள். எங்கள் கணபதி ஏரியாவில் எந்தத் தெருவில் நின்றாலும் மோட்டார் சத்தம். என் பேத்திக்குத்தான் அதில் ஏதோ கேட்டிருக்கிறது.

இன்று அஷ்டமி. நாளை நவமி. பிளஸ் டூ ரிசல்ட்டை அஷ்டமியில் பார்த்தாள், டாக்டர் சீட் போயிற்று. இப்போது கையில் கொடுத்தால் வாசலிலேயே பிரித்துவிடுவாள். கவரை அரிசி டின்னுக்குள் வைத்தேன். வியாழன் தசமி.

சாயங்காலம், செருப்பைக் கழற்றும் முன்பே, "அப்பத்தா, தபால் வந்துச்சுங்களா?"

"கல்யாணப் பத்திரிகை ஒண்ணுதான் கண்ணு."

மாசி 4, புதன்

அரிசி எடுக்கும்போது கவர் கையில் தட்டியது. மனசு ஒரு நிலையில் இல்லை. நாலு தடவை வாசலுக்குப் போய் வந்தேன், எதற்கென்று தெரியாமல்.

சுமதி பாதிச் சோற்றை வைத்துவிட்டாள். "இந்த வாரம் வரலைன்னா இல்லைன்னுதான் அர்த்தமுங்க அப்பத்தா." சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கினேன். விடிந்தால் தசமி.

மாசி 5, வியாழன்

ஏழே முக்காலுக்கு விளக்கேற்றி, கவருக்குக் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். பிரித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இன்டர்வியூ இன்னைக்குங்க அப்பா. ஒம்பதரைக்கு."

மகன் கவரைத் திருப்பிப் பார்த்தான். "இதெப்பங்கம்மா வந்துச்சு?"

சொன்னேன்.

"ஏனுங்கம்மா இப்படிப் பண்ணிப்போட்டீங்க! முழுசா ரெண்டு நாள் இருந்திருக்குமே புள்ளைக்கு!"

சுமதி கவரில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள். சர்ட்டிபிகேட் பையோடு அப்பன் வண்டியில் ஏறினாள். தலை கூடச் சீவவில்லை.

திட்டியிருந்தால் தேவலை.

நாலு மணிக்கு வந்தாள். "என்ன கேட்டாங்க அம்மணி?"

"கடிதாசியிலயே கருவிக்குப் படம் போட்டு எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தாங்க. எங்கேன்னாங்க. கடிதாசி இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சுங்கன்னேன்."

என் பெயரை எடுக்கவில்லை.

மாசி 12, வியாழன்

மிளகாய் அரைத்தாயிற்று. முழங்கால் வலி. மகன் மறுபடி பேசுகிறான்.

சுமதி இப்போது தபாலைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. தெருமுனையில் தபால்காரரையே பிடித்துக் கேட்கிறாளாம். அவரே சொல்லிச் சிரித்தார். "அரிசி டின்னுக்குப் போறதுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லிப்போடுங்கங்குதும்மா பாப்பா."

பக்கத்து லேத் கடைக்காரர் வேறு. "என்னங்க, ஒரு வாரமாப் பேத்தி பெருமையே காதுல உழுகலை?"

புளி வாங்க வேண்டும். மறந்துபோகிறது.

மாசி 20, வெள்ளி

பதினொரு மணி. ராகுகாலம் பாதியில். வாசலில் சைக்கிள் மணி. அதே நீளக் கவர், அதே முத்திரை.

தபால்காரர் நீட்டவில்லை. "பன்னெண்டுக்கு மேல வரட்டுங்களாம்மா?"

"பிரிங்க."

"நானுங்களா?"

"உள்ளே இங்கிலீசா இருக்கும். நான் அஞ்சாவதோட சரி. நின்ன எடத்துலயே படிச்சுச் சொல்லுங்க."

படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"பாப்பாவை எடுத்துட்டாங்கம்மா. திங்கக்கெழமைக்குள்ள சம்மதக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணுமாம்."

எழுத்து கோணுகிறது. அவள் வர ஐந்தரை ஆகும். ராகுகாலம் முடிந்தாவது வீட்டைவிட்டு இறங்கலாம். இன்னும் முக்கால் மணி நேரம். காத்திருக்க முடியாது.

அடுப்பு அணைத்தாயிற்று. சாவி லேத் கடையில் கொடுக்க வேண்டும். கவர் இடுப்பில். அவள் காலேஜுக்கு எந்த பஸ் என்று ஸ்டாப்பில் கேட்டுக்கொள்கிறேன்.