சாவு வண்டிக்கு வசூல்

9 ஜனவரி 1988

எனக்கு வேண்டும். நன்றாக வேண்டும். கம்பெனியில் பத்து வருடமாக டைப் அடிக்கிறேன் என்பதற்காக வேப்பம்பட்டு நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். ஊருக்குச் சாவு வண்டி வாங்க வேண்டும், அதுதான் இந்த வருடத்து வேலை. திருநின்றவூர் துலுக்கானம் தன் பழைய மெட்டடார் வேனை நமக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். பங்குனி முடிவதற்குள் பணம் போகாவிட்டால் பூந்தமல்லி கோழி வியாபாரிக்குக் கொடுத்துவிடுவாராம்.

இன்று ஐம்பது நன்கொடைக் கடிதம் அடித்தேன். தலைவர் உலகநாதன் சார் ரயில்வேயில் ரிடையர் ஆனவர், எதையும் புதிதாகச் செய்யப் பிடிக்காது. "கோயிலுக்கு ஃபேன் வாங்க எழுதினோமே, அதையே அடிம்மா. ஃபேன்ற எடத்துல வண்டின்னு போடு" என்றார். போட்டேன். ராசியான கடிதம்தான் அது. நாலு ஃபேன் வந்தது, இறக்கைக்கு ஒரு பேர். பக்கத்து வீட்டு நாகவல்லி, சொந்தக்காரர்களுக்குத் தன் பேரைக் காட்ட ஃபேனை நிறுத்தச் சொல்வாள். அதுவரை கோயிலே வியர்த்துக்கொண்டு நிற்கும்.

17 ஜனவரி

வெளியே தலைகாட்ட முடியவில்லை.

கடிதங்கள் பொங்கலுக்கு முந்தின நாள் பார்த்துப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. போகியில் போட்டுக் கொளுத்தியவர்கள் மட்டும் பன்னிரண்டு வீடு என்கிறாள் நாகவல்லி. ஏன், எதற்கு என்று புரியாமல் கார்பன் காப்பியை எடுத்துப் படித்தேன்.

"தங்கள் திருநாமம் வண்டியின் இருபுறமும் பெரிய எழுத்தில் பொறிக்கப்படும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் விரைவில் வந்து பயனடையுமாறு அன்புடன் அழைக்கிறோம்."

ஐயோ. ஐம்பது முறை அடித்தேனே, ஒரு முறையாவது படித்தேனா?

சாயங்காலம் நெல் மில் மணவாளன் மாமா கடிதத்தோடு வந்து வாசலிலேயே நின்றார். "இன்னாம்மா வரலட்சுமி, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லியே. உங்க அத்தையும் நல்லாத்தான் கீறா" என்றார். உள்ளே இவர் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். புருஷனாம்.

26 ஜனவரி

மன்னிப்புக் கடிதம் போனது. வண்டியில் யார் பேரும் இருக்காது என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். இப்போது வேறு கூத்து.

"பேரே போடலன்னா நான் குடுத்தது யாருக்குக்கா தெரியும்?" என்கிறாள் நாகவல்லி.

"சரி, வண்டியில போடறேன்."

"வண்டியில வாணாங்கா. வேற எங்கனா போடு."

வேறு எங்கே போடுவது? ஃபேனில் இறக்கை காலி இல்லை.

6 பிப்ரவரி

ஒரு பைசா வரவில்லை. துலுக்கானம் கோழிக்காரரை முன் சீட்டில் உட்கார வைத்து வண்டியை ஓட்டிக் காட்டினாராம்.

14 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்குப் போனேன். மணவாளன் மாமா மூட்டை எண்ணிக்கொண்டே, "இத்தினி வருசம் வண்டி இல்லாம யாரும் சாவலியா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கேட்கப் போன மரியாதையெல்லாம் போய்விட்டது. எங்கம்மா செத்தது தெரியுமா மாமா உங்களுக்குன்னு கத்திட்டேன். போன ஐப்பசி. பெரியாஸ்பத்திரி வாசல்ல அத்தனை டாக்ஸிக்காரன் கால்லயும் விழாத குறை. எவனும் வரல. கடைசியில தக்காளி டெம்போ. அவன் ஆவடியில கூடையெல்லாம் எறக்கிட்டுத்தான் வருவேன்னான். அரை மணி நேரம் மார்க்கெட்டு நடுவுல எங்கம்மா மேல சாக்கைப் போட்டு ஈ ஓட்டிக்கினு நின்னேன். கிலோ என்ன விலைன்னு ஒருத்தி வந்து கேட்டா. நான் பதில் சொன்னேன் மாமா. விலை சொன்னேன்.

மில்லில் எல்லோரும் பார்த்தார்கள். அவமானமாக இருந்தது. எழுந்தேன்.

"ஒக்காரும்மா" என்றார். பிறகு மெதுவாக, தன் தம்பியை எப்படிக் கொண்டுவந்தார் என்று சொன்னார். பாசஞ்சர் ட்ரெயினில். தலைப்பாகை கட்டி, ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்து. வில்லிவாக்கத்தில் டிக்கெட் செக்கர் ஏறிவிட்டார். "தூங்கறாரு சார்னேன். எழுப்புன்னாரு. அவனுக்கும் சேத்து நானே ஃபைன் கட்டினேம்மா. ரசீது இன்னும் கீது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருபத்திரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லையாம், அத்தையிடம்கூட. கிளம்பும்போது நான் கேட்காமலே கவரைக் கையில் வைத்தார். கடிதத்தில் கேட்டிருந்ததைவிட அதிகம்.

5 மார்ச்

இப்போதெல்லாம் கடிதம் கிடையாது. ஒவ்வொரு வீடாகப் போகிறேன், அம்மா கதையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாயை மூடுவதுதான் எனக்குக் கஷ்டம். இவர் நம்ப மாட்டேன் என்கிறார்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஆரம்பிப்பார்கள். கதை இல்லாத வீடே இல்லை. நாகவல்லி மாமனார் மீன்பாடி வண்டியில் வந்தாராம், பின்னாலேயே ஏழெட்டுப் பூனை. அவளும் கொடுத்தாள். பேரைப் பற்றிப் பேசவே இல்லை. நான்தான் கேட்டேன். "எனக்கு ஒரு கார்டு போடுக்கா, போதும்" என்றாள்.

9 ஏப்ரல்

வண்டி வந்துவிட்டது! வெள்ளை பெயிண்ட், உள்ளே கால் நீட்டிப் படுக்க இடம், பக்கத்தில் உட்கார இரண்டு பெஞ்சு. கோழிக்காரரும் பார்க்க வந்திருந்தார். அவரிடமும் ஒரு கதை இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

உள்ளே ஏறி பெஞ்சில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்தேன். ஆறு மாதம் முன்னால் நீ வந்திருக்கக் கூடாதா?

4 ஜூன்

பணம் கொடுத்தவர்களுக்கு மாதா மாதம் தகவல் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ், டயர் என்று மறுபடி அவர்களிடம்தானே போய் நிற்க வேண்டும் என்றார் உலகநாதன் சார். நியாயம்தான். கார்டு போட்டேன்: "மே மாதம் தங்கள் வண்டியால் பயனடைந்தோர் நால்வர்."

நாகவல்லி தெருவிலேயே படித்து, கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சாவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். மணவாளன் மாமா ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாசம் எத்தினி பேரும்மா டார்கெட்டு?" என்றார். பத்து வருட டைப்பிஸ்ட், எனக்கு இன்னும் ஒரு கார்டு எழுதத் தெரியவில்லை.

3 ஜூலை

எண்ணிக்கை எழுதவில்லை. இப்படி எழுதினேன்: "பொன்னியம்மா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். மகன் வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்." நாகவல்லி வாசலில் நின்றே இரண்டு தரம் படித்தாள். கிழிக்கவில்லை. ஆனால் குளித்தாள்.

2 செப்டம்பர்

பின் டயர் இரண்டும் மொட்டை. முன் டயர் அதைவிட மோசம். மாற்றாமல் வண்டியை எடுக்க முடியாது என்கிறார் டிரைவர். கையில் பணம் இல்லை. பார்த்தால் ஆகஸ்ட் மாதம் வண்டி ஒரு தரம்கூட வெளியே போகவே இல்லை. "சும்மா நின்னுகினு கீற வண்டிக்கு எவன்மா டயர் வாங்கித் தருவான்? இந்த மாசம் கார்டே போடாதே" என்கிறார் உலகநாதன் சார்.

மறைப்பதா? என்ன எழுதுவது? இரண்டு கார்டு வீணாயிற்று. மூன்றாவதில் இருப்பதை எழுதிவிட்டேன்: "ஆகஸ்ட் மாதம் நம் வண்டி எங்கும் போகவில்லை. ஊரில் எல்லோரும் சௌக்கியம்." ஐம்பதும் தபாலில் போட்டாயிற்று. ஆனது ஆகட்டும்.

6 செப்டம்பர்

நாகவல்லி கார்டை வீட்டுக்குள் கொண்டுபோய் மூலையில் மஞ்சள் தடவி வேம்புலியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அவள் மாமியார் அதை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாளாம். இன்று குளிக்கவில்லை.

இருட்டுவதற்குள் மணவாளன் மாமா வந்துவிட்டார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். பையிலிருந்து கார்டை எடுத்து இவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார், நான் எழுதியதை எனக்கே தெரியாத மாதிரி. பிறகு கவரை மேஜைமேல் வைத்தார்.

"நாலு டயரும் என் செலவு. ஆனா வண்டி நின்ன எடத்துலயே நிக்கணும்."