ஞாயிறன்று காய்ந்த துணி

மார்ச் 3, சனி

மேட்டுப்பக்கத்து வீடுகளில் பிடி அரிசி வாங்கி முடித்தோம், நானும் தார்குங்கி அக்காவும். கடைசியாக என் வீடு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துச் சபைக்கென்று போட்டு வைத்த டப்பாவை அக்கா சாக்கில் கவிழ்த்தாள்.

"நெறையத்தான் போட்டிருக்க, மாவி. வீட்ல ஆளு படுத்துட்டா கை தாராளமாயிடுது."

தாராளமாவது ஒன்றாவது. பயம். என் புருஷன் ஸுவாலா படுத்ததிலிருந்து என் பிடி பெரிதாகிவிட்டது என்பது எனக்கே தெரியும். ஆண்டவரிடம் பேரம் பேசுகிறேனோ?

உள்ளே அடுப்பு ஓரக் கட்டிலிலிருந்து அவன் குரல் கொடுத்தான். "அக்கா, அந்த அரிசியில கஞ்சி வச்சு எனக்கு ஊத்தினா ஆகாதா? அத வித்து ஊர் ஊரா சுவிசேஷம் சொல்லப் போற காசுல ஒரு டம்ளர் கஞ்சி குறைஞ்சா மோட்சம் மூடிடுமா?"

"மொதல்ல உன் பொண்டாட்டி வைக்கிற கஞ்சியக் குடி, அப்புறம் மோட்சத்தப் பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. அவள் மட்டும்தான் அவனுக்கு வாய்க்கு வாய் பதில் சொல்கிறாள். மற்றவர்கள் அவனைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஏற்கெனவே சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

மார்ச் 9

குழாயில் தண்ணீர் வரவில்லை. ஊற்றிலும் நூலாகத்தான் இறங்குகிறது. எதிர்மலையில் விதைப்புக்குக் காடு எரிக்கத் தொடங்கிவிட்டார்கள், புகை. அவனுக்கு இருமல் அதிகம்.

மார்ச் 14

ஜெபக்குழு வந்தது. எல்லோரும் நல்லவர்கள்தான், எனக்குத் தெரியும். ஆனால் வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் காலை வைக்கவில்லை. காசநோய் அல்லவா, பிள்ளைகுட்டிக்காரர்கள் அல்லவா. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு பாட்டை எல்லாச் சரணமும் பாடினார்கள். உருக்கமான ஜெபம். அவன் ஆத்துமா மனந்திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். அவன் நுரையீரலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அவன் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டான். அவர்கள் போனதும் சொன்னான்: "உங்க ஆண்டவரு வாசப்படியோட நின்னுக்குவாரா? உள்ள வந்தா ஒட்டிக்குமா அவருக்கு?"

"வாயை மூடு."

"மூடினா இருமல் வருதே."

சண்டை போட்டேன். நோயாளியோடு சண்டை போடுவது பாவம் என்று தெரிந்தும் போட்டேன். அப்புறம் பின்கட்டுக்குப் போய் முழங்காலில் நின்றேன். உதடு அசைந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எத்தனை நாளாக இப்படி? போன ஞாயிறு பிரசங்கத்தில், பசித்த ஜனங்களைப் பார்த்து இயேசு மனதுருகினார், வழியில் சோர்ந்துபோவார்களே என்று அப்பம் கொடுத்தார் என்றார்கள். அப்படியானால் இவன் சோர்ந்துபோனதை அவர் பார்க்கவில்லையா? குடிகாரன் என்றால் கண்ணைத் திருப்பிக்கொள்வாரா?

மார்ச் 19, திங்கள்

பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். காலையில் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது மாத்திரைகள் கிடைத்திருந்தன. துப்பியிருக்கிறான். பாதி கரைந்து எறும்பு மொய்த்துக் கிடந்தன. இத்தனை நாளும் என் எதிரில் விழுங்கிவிட்டு, நான் பள்ளிக்குப் போனதும் குமட்டித் துப்பியிருக்கிறான்.

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வெறும் வயித்துல போட்டா பொரட்டத்தான் செய்யும், டீச்சர். மொதல்ல சோறு. சோறு உள்ள போனா மாத்திரை நிக்கும், மாத்திரை நின்னா ஆளு நிப்பாரு. இப்படியே விட்டா மழைக்காலம் தாண்டாது."

மழைக்காலம் தாண்டாது.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். பிடி அரிசி எடுக்கவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றுதான். ஆண்டவரே, நீர் எனக்கு ஒன்றும் எடுத்து வைக்கவில்லை, நான் மட்டும் ஏன் உமக்கு எடுத்து வைக்க வேண்டும்?

மார்ச் 24, சனி

மற்ற வீடுகளில் கை நீட்டி வாங்கினேன். என் வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் அடியில் கொஞ்சம்தான். "இந்த வாரம் மறந்துட்டேன்" என்றேன். அக்கா டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாக்கின் வாயைக் கட்டினாள். அந்த வாய்க்காரி ஒன்றும் சொல்லாமல் போனதுதான் உறுத்துகிறது.

மார்ச் 26, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

"டப்பா மூடிச் சத்தம் கேக்கல" என்றான்.

"எந்த டப்பா?"

"நடிக்காத. ஒரு வாரமாக் கேக்கல. நான் இங்கயே படுத்துக் கெடக்கேன், எனக்குக் கேக்கிறதத் தவிர வேற வேலை என்ன? அரிசி அள்ளற சத்தம் வரும், அப்புறம் மூடி டங்குனு திறக்கும், அப்புறம் மூடும். இப்ப நேரா உலையிலதான் போடற."

"நீதானே கேலி பண்ணுவ?"

"நான் பண்ணுவேன். நீ ஏன் விட்ட?"

நான் கஞ்சியைக் கிளறினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "என் பேரைத்தான் சபையில எடுத்துட்டாங்க. நீ அந்தப் பக்கம் இருக்கியேன்னு இருந்தேன். எனக்காக ஒருத்தி போட்டுக்கிட்டு இருக்கான்னு. நீயும் விட்டுட்டா, அவ்வளவுதான். எனக்குக் கஞ்சி வேண்டாம்."

எனக்கு அழுகைகூட வரவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு பிடி போட்டு, சத்தம் கேட்கும்படி மூடினேன். "இப்ப போட்டது எனக்குக் காட்டறதுக்கு" என்றான். அது உண்மைதான். அதனால்தான் அப்படிக் குத்தியது.

மார்ச் 30, வெள்ளி

நாலு நாளாகத் தண்ணீரும் கொஞ்சம் தேயிலைத் தண்ணியும்தான். கட்டிலிலேயே எல்லாம். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் துணி நனைந்துவிடுகிறது. தண்ணீர் இல்லாத நாளில் எதில் துவைப்பது?

மாலையில் சபை மூப்பர் கப்தங்கா வந்தார். மூன்று வருஷத்துக்கு முன் சபை நடுவில் எழுந்து நின்று ஸுவாலாவின் பேரை வாசித்தவர் அவர்தான். குடித்துவிட்டு லாரியைச் சம்பாய் ரோட்டு வளைவில் உருட்டினான், கிளீனருக்குக் கை போனது. திருவிருந்திலிருந்து நீக்கம் என்று வாசித்தார். அன்றிலிருந்து இவன் அந்த மனிதர் வரும் தெருவில் நடந்ததில்லை.

வாசற்படியில் நிற்காமல் நேரே உள்ளே வந்தார். கட்டிலிலேயே உட்கார்ந்தார். இவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் ஜெபிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. கொண்டுவந்த தூக்குப்போசியில் கோழி போட்டுக் குழைத்த சோற்றுக்கஞ்சி. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மூக்கைச் சுருக்கிக் கட்டிலைப் பார்த்துவிட்டு, எழுந்து போனார். எதற்கு வந்தார்? சாகிறவனிடம் பாவ அறிக்கை எழுதி வாங்கவா? எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கஞ்சியை அவன் தொடவில்லை. நாய் நக்கிவிட்டுப் போனது.

ஏப்ரல் 1, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மதிய ஆராதனைக்குப் போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று போனேன். பிள்ளைகள் ஓலைகளை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். மூப்பர்கள் வரிசையில் கப்தங்காவின் இடம் காலி. மலேரியாவில்கூட ஆராதனைக்கு வந்த மனிதர். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்து மேடேறும்போதே என் முன்னால் போன பெண்கள் நின்றுவிட்டார்கள். என் வீட்டைப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். முன்பக்கக் கொடியில் என் வீட்டுப் படுக்கை விரிப்புகள், அவனுடைய வேட்டி, சட்டை, தலையணை உறை, ஒன்று விடாமல் வரிசையாகக் காய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிறன்று ஊசி கோர்த்தாலே அதட்டுவார்கள். கடை திறக்காது, விறகு பிளக்க மாட்டார்கள். ஊர் முழுக்கத் தெரிகிற மேட்டில், சபை விடுகிற நேரத்தில், சொட்டச் சொட்டத் துணி.

ஓடினேன். உள்ளே மூப்பர் முழங்கைவரை ஈரத்தோடு நின்றார். இரண்டு டின் தண்ணீர் ஊற்றிலிருந்து அவரே சுமந்திருக்கிறார். ஸுவாலாவைத் துடைத்து, மாற்றுத்துணி உடுத்தி, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்.

நன்றி சொல்ல வேண்டியவள் நான். சொன்னது என்ன? "மூப்பரே, என்ன காரியம் பண்ணிட்டீங்க? ஞாயித்துக்கிழமை துணி காயப்போடலாமா? அதுவும் முன்பக்கம். நாளைக்கு ஊரு என்னைத்தானே பேசும்?"

அவர் பள்ளிப்பிள்ளை மாதிரி விழித்தார். "பின்பக்கம் வெயில் இல்லம்மா."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். இருமல் என்று திரும்பினேன். சிரிக்கிறான். எலும்பெல்லாம் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பாதிச் சிரிப்பில் இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தான். "என் பேரை வாசிச்ச வாயி, மாவி... என் பீத்துணியத் துவைச்சுட்டு... உங்கிட்டத் திட்டு வாங்குது."

அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பசிக்குது" என்றான்.

ஆறு கரண்டி. மாத்திரை நின்றது.

ஏப்ரல் 3, செவ்வாய்

மூப்பர் துவைத்துக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சை ஸுவாலா இன்று சொன்னான், அவன் வார்த்தையிலேயே எழுதுகிறேன்:

"என் பேரை எடுத்தீங்களே"ன்னு கேட்டேன். "எடுத்தேன்"ன்னாரு. "நீ குடிச்ச, ஒருத்தன் கை போச்சு. பேரை எடுத்தது சரிதான். இதுவும் சரிதான்"ன்னாரு. "அப்ப ஏன் ஜெபம் பண்ணல?"ன்னேன். "நீ கேக்கல. துணி நாறிச்சு, அதுக்கு நீ கேக்க வேண்டியதில்ல"ன்னாரு.

சொல்லிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினான்.

ஊரில் பேச்சு வலுத்துவிட்டது. மூப்பர்கள் கூடி அவரைக் கேட்கப் போகிறார்களாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டால் அவருக்கு அவமானம்.

ஏப்ரல் 7, சனி

கூட்டத்தில் மூப்பர் மறுக்கவில்லையாம். "துவைச்சது நான், காயப்போட்டதும் நான். அடுத்த ஞாயிறும் நனைஞ்சா அடுத்த ஞாயிறும் துவைப்பேன். பேரை எடுக்கணும்னா எடுத்துக்குங்க, எப்படி வாசிக்கிறதுன்னு எனக்குத் தெரியும்" என்றாராம். ஒருவரும் எடுக்கவில்லை. பாஸ்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

தார்குங்கி அக்காதான் இத்தனையும் சொன்னாள். சாக்கோடு வந்தவள், கொடியைப் பார்த்து, "அன்னிக்கு விரிப்ப நாலா மடிச்சுல்ல தொங்கவிட்டுட்டாரு. எங்க காயும்? ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்றாள். அவளுக்குக் குற்றமாகப் பட்டது அது ஒன்றுதான்.

அவள் டப்பாவை எடுக்கும்போது ஸுவாலா, "அக்கா, இரு" என்றான். என்னைப் பார்த்து, "அரிசிப் பானையக் கொண்டா" என்றான். கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். விரலில் வலு இல்லை. வழியெல்லாம் கொட்டி, டப்பாவுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான்.

"நீக்கின ஆளுகிட்ட வாங்கலாமா? கமிட்டியில கேக்க வேண்டாமா?" என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டேன். அவள் டப்பாவைச் சாக்கில் கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். "எதுடி அவன் அரிசி? காட்டு, எடுத்துத் தரேன்."

கீழே சிந்தியதைப் பொறுக்கினேன். பொறுக்கும்போதுதான் அழுதேன்.

மே 12

எடை கூடியிருக்கிறது. நர்ஸ் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தாள். எனக்குத்தான் இன்னும் ஜெபம் வரவில்லை. அவன் தேறிவிட்டான், நான் ஏன் இப்படி வறண்டு கிடக்கிறேன்? நன்றி என்று ஒரு சொல், அதுகூட வரமாட்டேன் என்கிறது. மறுபடி எடுத்துக்கொள்வாரோ என்று பயமா?

ஜூன் 16, சனி

காலையிலிருந்து விடாத மழை. நர்ஸ் சொன்ன மழைக்காலம்.

பிடி அரிசிச் சாக்கைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்துவிட்டு, தனியாக மேடேறினேன். வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து டங்கென்று மூடிச் சத்தம். ஒரு முறை திறந்தது, ஒரு முறை மூடியது. மழையில் அப்படியே நின்றேன்.

உள்ளே மூப்பர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் படியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஸுவாலா சுடுதண்ணீர்த் துணி போட்டுவிட்டு, அடுப்பின் முன் குந்தியிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் உலை வைத்துப் பார்த்ததில்லை. வீடு முழுக்கத் தீய்ந்த வாடை.

"தண்ணி குறைச்சலா வச்சுட்டியா? பானை போச்சே. யாரு தேய்க்கிறது?" என்றேன்.

"உக்காரு. ஆறிடும்" என்றான்.

மூன்று தட்டு வைத்தான். யார் ஜெபிப்பது என்று மூப்பரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். வீட்டுக்காரர் சொல்லட்டும் என்கிற மாதிரி. நான் வாயைத் திறக்குமுன் ஸுவாலா கண்ணை மூடிவிட்டான்.

"ஆண்டவரே, சோறு அடிபிடிச்சிருச்சு. மூப்பருக்குக் கால் வீங்கியிருக்கு. மாவி பானைக்காகக் கோவமா இருக்கா. உமக்குத் தெரியும். சாப்பிடறோம்."

முடித்துவிட்டு, எப்படி முடிப்பது என்று மறந்துபோனவன் போல் நிறுத்தினான். ஆமென் சொன்னது நான்தான். மூப்பரைவிடச் சத்தமாக.

மேலாகச் சோற்றை எடுத்துச் சாப்பிட்டோம். பானையைச் சாம்பல் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறேன். நாளை ஞாயிறு. எப்படியும் தேய்த்துவிடுவேன்.