தற்காலிக ஓய்வு என்று எழுதாதே

தெங்கேரா, மலாக்கா
ஞாயிறு மாலை, செப்டம்பர் 7

அன்பு மகள் ஜோனிட்டாவுக்கு,

அப்பா மிக்கேல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இருக்கிறோம். பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மன்றாடுகிறோம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே, பூனைக்குச் சோறு வைத்தீர்களா என்று மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

கல்லூரிக்குக் கொடுக்க நீ எழுதிய விண்ணப்பத்தை அம்மா போனில் காட்டினாள். குடும்பச் சூழ்நிலை மாறிவிட்டது, கட்டணச் சலுகையை மறுபடி பரிசீலியுங்கள் என்று அழகாகத்தான் கேட்டிருக்கிறாய். ஆனால் என்னைப் பற்றி ஒரே வரி: ‘தந்தை தற்காலிக ஓய்வில் இருக்கிறார்.’ நான் என்ன, பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கிற தலைமையாசிரியரா? கொடுத்துவைத்த மனிதர் என்று ஆபீசர் பைலை மூடிவிடுவார்.

உன்மேல் கோபமில்லை, கண்ணு. பத்து மாதத்துக்கு முன் டயாலிசிஸ் தொடங்கியபோது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உங்கள் இருவரையும் அதட்டியது நான்தான். அந்தச் சொல்லைத்தான் நீ காப்பாற்றுகிறாய்.

முதல் தப்பும் என்னுடையதுதான். நீ சேரும்போது கல்லூரி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டது. நான் அலமாரியைக் கிளறி, சுங்கை ஊடாங்கில் ஷட்டவுன் நடந்த மாதங்களின் பழைய சீட்டுகளைக் கொடுத்தேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையே நிறுத்திப் பழுது பார்க்கிற காலம் அது. எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் வெல்டர்களுக்கு ராப்பகலாக ஓவர்டைம் கிடைக்கும். மற்ற மாதங்களில் அதில் பாதிகூட வராது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடுவதில்லையா, அப்படிச் செய்துவிட்டேன். வசதியான வீட்டுப் பிள்ளை என்று உன்னை நினைக்கட்டுமே என்று ஆசை. நினைத்துவிட்டார்கள், சலுகையும் குறைந்துவிட்டது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்துகிற இடது கையால் கனம் தூக்கக்கூடாது என்கிறார் டாக்டர். இரும்பைத் தூக்காமல் என்ன வெல்டிங்? மார்ச் மாதத்தோடு கான்ட்ராக்டரும், “அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்கலா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை நம் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. அக்கம்பக்கத்துச் சபையார் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் வாய்விட்டு மன்றாட்டுச் சொல்லும்போது, பத்து மாதமாக நான் ‘உடல்நலமில்லாத நண்பர் ஒருவருக்காக’ என்றுதான் வேண்டிவந்தேன். இந்த முறை, அந்த நண்பர் நான்தான் என்று சொல்லிவிட்டேன். யாரும் வாயைப் பிளக்கவில்லை. அன்னம்மா அக்கா மட்டும், “எங்களுக்கு மொத மாசமே தெரியும்லா, மிக்கேலு. நீயா சொல்லட்டும்னுதான் இருந்தோம்” என்றார். முழுப் பூசணிக்காயை இத்தனை மாதமாகச் சோற்றில் மறைத்திருக்கிறேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். அழுத பிறகு மனம் லேசானது.

இத்துடன் ஆஸ்பத்திரிக் கடிதம், வேலை நின்றதற்குக் கான்ட்ராக்டர் கொடுத்த கடிதம், என் கடைசி மூன்று மாதச் சீட்டுகள் எல்லாம் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் கொடுத்துவிடு. அந்த ஒரு வரியை அடித்துவிட்டு எழுது: என் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. இனி அவரால் வெல்டிங் செய்ய முடியாது. பழைய சீட்டுகளைக் கொடுத்ததும் அவர்தான். அதில் உனக்கு அவமானம் இல்லை. எனக்கும் இல்லை.

பணம் கட்ட முடியாவிட்டால் நம் ஊர்ப் பக்கமே, செங் வட்டாரத்து ஃபேக்டரி வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஃபேக்டரி எங்கும் ஓடிப்போகாது. படிப்பை விட்டால் மறுபடி பிடிக்க முடியாது. அதை மட்டும் செய்துவிடாதே, நான் தாங்கமாட்டேன்.

ஈஸ்டருக்கு நீ வந்தபோது, அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீயும் ஏன் என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அரைக்கைச் சட்டையில்தான் இருப்பேன். ஊசி குத்துகிற இடத்தில் நரம்பு புடைத்துப் பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும். பயப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்.

ஆண்டவர் உன் நெற்றியில் கை வைத்துக் காப்பாராக. உள்ளதை உள்ளபடி எழுது, மகளே. அப்பா சொல்கிறேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
மிக்கேல்ராஜ்