தேவகிக்குக் கொடுத்த தூக்கம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். உளவியல் துறையில் மின்விசிறி மறுபடி நின்றுவிட்டது. விடைத்தாள் கட்டு பிரிக்கவே இல்லை.

தூக்கமின்மை சிகிச்சைக்குப் புதிதாக ஒருத்தி. தேவகி, ஊர் நகரி, பவர்லூம் வேலை. கணவருக்கு விபத்தில் தலையில் அடி, அதிலிருந்து புத்தி தடுமாற்றம். ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாராம்.

"நான் படுத்தாலும் காது முழிச்சிக்கினே இருக்குது மேடம். அன்னிக்கி தறியில கையே மாட்டிக்கப் பாத்துச்சி."

கொழுந்தன் கூடவே இருக்கிறார். ராத்திரியில் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவளுக்குத் தனி அறை. தூக்கம் வந்தால்தான் பாய். பகலில் படுக்கக் கூடாது. தலையாட்டினாள்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். தே. வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருப்பு, பேச்சில் எரிச்சல். முதலில் இப்படித்தான் இருக்கும், விட்டுவிடாதே, சில நாள் தறிப் பக்கம் போகாதே என்றேன்.

ஆபீஸ் ரமணா தெலுங்கில்: "மேடம், ரேபு மீட்டிங்." நாளைக்கும் கூட்டமா. பால், அம்மா மாத்திரை, பல் டாக்டர்.

ஜூன் 24, செவ்வாய்

தூறல். தே. முகமே வேறு. "படுத்தா அடிச்சிப் போட்டாப்ல தூங்குறேன் மேடம்." சிரித்தாள். வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். கருத்தரங்குக்கு இதையே எழுதலாம். சாயங்காலம் மலையடிவாரம் அலிபிரி வரை நடை. மனசு லேசு.

ஜூலை 1, செவ்வாய்

தே. வரவில்லை. போனை எடுத்தது கொழுந்தன். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் அவருக்குத் திடீரென்று நைட் ஷிஃப்ட்.

"அண்ணி இப்பத்தான் நல்லா தூங்குது. எழுப்ப மனசு வர்ல மேடம். கதவ சாத்திக்கினு போய்ட்டேன்."

அண்ணன் வெளியே போய்விட்டார். புத்தூர் ரோட்டில் லாரி.

வகுப்பு ரத்து. காரணம் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை. தே. தானாகவே வந்தாள். நெற்றி வெறுமை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

"அவர எடுத்த அன்னிக்கிகூட தூங்கிட்டேன் மேடம். இப்பவும் படுத்தா வந்துடுது. இவ என்ன பொம்பளன்னு பேசுறாங்க. எனக்கே அசிங்கமா கீது."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"நீங்க குடுத்ததுதானே. எடுத்துடுங்க."

அதற்கு வழி என்னிடம் இல்லை என்றேன். நம்பவில்லை. வெளியே பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.