உயிர்த்த ஞாயிறு அன்று வராத ரெலிபோன்

டுசல்டோர்ஃப்,
20.04.2006

பெருமதிப்புக்குரிய ஜேசுரட்ணம் அண்ணைக்கும் அன்ரனிற்றா அக்காவுக்கும்,

பென்ஜமின் எழுதிக்கொள்வது. மடு மாதாவின் காவலில் நீங்களும் பிள்ளை அஞ்சலாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இங்கே நானும் மனுசி எவ்லினும் என் அக்காவின் மகன் கொட்வினும் உடம்புக்குச் சுகம். மனத்துக்குத்தான் இல்லை.

இப்படி ஒரு குழப்பம் வரும் என்று நான் தை மாதமே சொன்னேன். எவ்லின் சாட்சி. உயிர்த்த ஞாயிறு உங்கள் நேரப்படி பகல் பன்னிரண்டு மணிக்குக் கொட்வின் ரெலிபோன் எடுப்பான், பிள்ளைகள் இருவரும் முதன்முதலாகக் கதைக்கட்டும் என்று நாம் பேசி வைத்தபோதே, இந்த மணிக்கூடுகள் சதி செய்யும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நான் எடுத்தபோது அன்ரனிற்றா அக்கா அண்ணையின் கையிலிருந்து றிசீவரைப் பறித்து, “நேரத்துக்கு ஒரு போன் எடுக்கத் தெரியாதவன் என்ரை பிள்ளையை எப்பிடி வைச்சுப் பாப்பான்? கனடாச் சம்பந்தம் ஒண்டு வந்திருக்கு. அஞ்சலாவின்ரை படத்தைத் திருப்பி அனுப்புங்கோ” என்று சொல்லி வைத்துவிட்டா. நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை. ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நாம் பேசி வைத்த காலத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம். பங்குனி கடைசி ஞாயிறு ஜேர்மன்காரர் தங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். வருசப் பிறப்போடு உங்கள் அரசாங்கம் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. நடுவில் நின்ற பொடியன் என்ன செய்வான்? பழைய கணக்கிலேயே இங்கே காலை ஏழு மணிக்கு எடுத்திருக்கிறான். அங்கே அப்போது பத்தரை. நீங்கள் எல்லோரும் பூசையில். உங்கள் வீட்டு ரெலிபோன் வெறும் வீட்டில் அடித்து அடித்து ஓய்ந்தது. பூசைக்குப் போனீர்களா இல்லையா, அக்காவே சொல்லட்டும்.

இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சும்மா விடவில்லை. மேல்மாடிக் கிழவர், முதலாம் உலக யுத்தத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்கத் தொடங்கியது என்கிறார். எங்கள் பாண் தொழிற்சாலை ஷெஃப், அதுதான் முதலாளி, எல்லாம் மின்சாரத்துக்காக என்கிறார். அவர் எதையும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை, ஆனால் மணிக்கூடு மாறிய அன்று கேட்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து அடுப்பை ஏற்றினார், மா பொங்கவில்லை. மாவுக்கு அரசாங்க உத்தரவு தெரியுமா? முதல் தட்டுப் பாண் முழுவதும் கல்லு. மதிலே கட்டியிருக்கலாம். கோவிலிலும் அதே கூத்து. அலோசியஸ் அண்ணை குடும்பத்தோடு முடிவுப் பாடலுக்கு வந்து சேர்ந்து, “என்ன, இப்பதான் துவங்கினதோ?” என்று கேட்டார்.

நான் ஒரு பரிசோதனையும் செய்தேன். விஞ்ஞானிகள்கூடச் செய்திருக்க மாட்டார்கள். குசினி மணிக்கூட்டைத் திருப்பாமல் விட்டு, இரண்டு கிழமை மின்சார மீற்றரைப் பார்த்து வந்தேன். பின்னேரம் லைட் போடாமல் பிடித்த மிச்சத்தைக் காலையில் இருட்டோடு எழும்பிப் போட்ட லைட் தின்றுவிட்டது. “உங்கடை ஆராய்ச்சியாலை எனக்கு ரண்டு தரம் பஸ் தவறிப் போச்சுது” என்று எவ்லின் அந்த மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அப்படியானால் பிரயோசனம் இல்லையா என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் பிடிபடவில்லை. வேலை முடிந்து வந்தாலும் வெயில் நிற்கிறது. கொட்வின் சைக்கிளில் றைன் ஆற்றங்கரைக்குப் போகிறான். கதவே திறக்காத சனங்கள் வெளியே வந்து வணக்கம் சொல்கிறார்கள். அதை எந்த மீற்றர் காட்டும்?

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அங்கே பத்து வருசத்துக்கு முன் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிய நாளிலிருந்து புது நேரமோ, பழைய நேரமோ என்று கேட்டுக் கேட்டே வாழ்ந்தீர்கள். இப்போது பழையதே திரும்பி வந்துவிட்டது. கடலுக்குப் போகிறவர்கள் எந்த நேரத்தைப் பார்த்தார்கள்? மீன் எதைப் பார்த்தது? இதை எழுதி அனுப்புங்கள், ஷெஃப்புக்குச் சொல்ல வேண்டும். ஊரில் திரும்பச் சண்டை என்று பத்திரிகையில் வரும் செய்திகள் நல்லதாக இல்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், அது எந்த நேரமாக இருந்தாலும்.

இவ்வளவும் எழுதி உறையில் போடும் நேரத்தில் கொட்வின் வேலையால் வந்தான். வாங்கி வாசித்தான். கல்லுப் பாண் இடத்தில் சிரித்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, “மாமா, மணிக்கூட்டிலை பழியைப் போடாதேங்கோ. அவைக்கு உள்ளதை எழுதுங்கோ” என்றான். அண்ணை, அந்த இரண்டு வசனத்தையும் சொல்லி முடிக்க அவனுக்குக் கனநேரம் எடுத்தது. நான் பேனையை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவனுக்கு வாய் திக்கும். சின்ன வயதிலிருந்தே. எங்களோடு அவ்வளவு இல்லை. புது ஆட்கள் என்றால், அதிலும் ரெலிபோன் என்றால், முதல் சொல்லு தொண்டையில் நின்றுவிடும். சம்பந்தம் பேசும்போது நான் அதை உங்களுக்குச் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கு எடுத்தான் என்று மேலே எழுதியது நான் கட்டியது. உங்கள் வீட்டில் ரெலிபோன் அடிக்கவேயில்லை. நேரம் எங்களுக்குச் சரியாகத் தெரியும், கணக்குப் பார்த்தவனே அவன்தான். உங்களுக்குப் பன்னிரண்டு அடிக்கையில் புதுச் சேர்ட் போட்டு, றிசீவரைக் கையில் பிடித்தபடி இருந்தான். அரைவாசி இலக்கத்தை அழுத்துவான், வைப்பான். கடைசியில் “ஏலாது மாமா” என்றான்.

அஞ்சலாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். கடிதம் வந்து சேர நாள் எடுக்கும், ஆகவே வைகாசி இரண்டாம் ஞாயிறு அதே பன்னிரண்டுக்கு எடுப்பான். கனடாவா நாங்களா என்று அதற்குப் பிறகு பிள்ளையே சொல்லட்டும். படத்தை அதுவரைக்கும் என்னிடம் கேட்காதேங்கோ. எடுக்கும்போது முதலில் ஒரு சத்தமும் வராது, மூச்சு மட்டும் கேட்கும். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளை வைத்துவிட வேண்டாம். அவன் அங்கேதான் இருப்பான்.

மாதா உங்கள் எல்லோருக்கும் துணையிருக்கட்டும்.

உங்கள் அன்புள்ள
பென்ஜமின்