வலது கைக் காய்ப்பு

ஜனவரி 20, செவ்வாய்

பனி. எட்டு மணிவரை எதிர்வீடே தெரியவில்லை. தறியில் உட்கார்ந்தால் விரல் மடங்க மறுக்கிறது.

வாங்கவேண்டியது: ராக்கெட் கிரிப் 2, ஷூ லேஸ், அம்மாவுக்குத் தைலம்.

மண்டலப் போட்டி இந்த வருஷம் எங்கள் ஆரணியில். கபடி, வாலிபால், ஓட்டம், ஷட்டில். மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை பேனர். பேனரில் பதினாறு தலை. அதில் விளையாடுகிற தலை ஒன்றுகூட இல்லை. வயிறு எரிகிறது.

பெண்கள் இரட்டையரில் நானும் அமுதாவும். ஜெயிக்கிற ஜோடி மட்டும் மாநிலப் போட்டிக்கு. எனக்கு அது பெருமை, அவ்வளவுதான். அமுவுக்கு அப்படி இல்லை. மாநிலத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். வருகிற ஜூனோடு வயது தாண்டிவிடும். அவள் ஊர் போளூர் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும். அம்மா கூலிக்கு நடவு, களை. இவள் மருந்துக்கடையில் பகல் முழுக்க நிற்கிறாள். அதற்கு முன்னால் முதல் பஸ் பிடித்து வந்து என்னோடு ஆடுகிறாள். ஆறு வருஷமாக.

இன்று ஆட்டம் முடிந்ததும் என் வலது கையை விரித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலுக்குக் கீழேயும் கட்டைவிரல் ஓரத்திலும் காய்ப்பு கெட்டியாக ஏறியிருக்கிறது.

“சூப்பரா இருக்குது. போட்டி முடியற வரிக்கும் கல்லத் தொடாத சுமதி. சத்தியமா?”

“சத்தியமா.”

பட்டு நெய்கிறவள் கையில் காய்ப்பு ஆகாது. இழை மாட்டும், அறும். அதனால் வாராவாரம் குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்து உள்ளங்கையைத் தேய்த்துவிடுவேன். போட்டி சமயத்தில் மட்டும், ராக்கெட்டை இறுக்கிப் பிடிக்க, விட்டுவைப்பேன். அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 21, புதன்

முதலாளி வந்தார். அவர் பட்டும் ஜரிகையும் தருவார், நாங்கள் கூலிக்கு நெய்து தருவோம். போட்டிக் குழுவில் வரவேற்புப் பொறுப்பு அவருடையதாம். என் தறியில் இருக்கிற மயில்கழுத்துப் புடவையைத் தடவிப் பார்த்தார்.

“சீஃப் கெஸ்ட் அம்மாவுக்கு மேடையில இதத்தான் குடுக்கணும். சனிக்கெழம சாயந்தரம் கைல இருக்கணும். ஜல்தியா முடிச்சிடும்மா.”

“வெள்ளி, சனி எனக்கு மேட்ச் இருக்குதுங்க.”

“அதாம்மா நானும் சொல்றேன். உங்க விழாதானே?”

ஒரு கெஜமும் முந்தியும் பாக்கி. மாசக் கடைசி என்று பேசியது. அப்பா தலையாட்டிவிட்டார். முதலாளியைக் கண்டால் அந்தத் தலைக்கு ஆட மட்டும்தான் தெரியும். எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன்.

அப்பா மீதியை நெய்யட்டும் என்றால் அதுவும் முடியாது. ஒரு புடவையில் இரண்டு ஆள் தறியடித்தால் அடியின் அழுத்தம் மாறும். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பார்.

ஜனவரி 22, வியாழன்

பனி இல்லை. வெயில்.

காலையிலிருந்து பதினொரு இழை அறுந்தது. முடிச்சுப் போடப்போனால் முடிச்சே காய்ப்பில் மாட்டுகிறது. முந்தியில் ஜரிகை வேறு. மதியத்துக்குள் நாலு விரற்கடைகூட ஏறவில்லை.

அம்மா ஆரம்பித்தாள். “கையா இது, தேங்கா துருவியா? மாட்டிகினு வருது பாரு. போய்த் தேச்சிட்டு வந்து ஒக்காரு.”

“அமுகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்.”

“அவளா வந்து முந்தி போடப்போறா?”

வெந்நீரில் கையை ஊறவைத்தேன். கொஞ்சம் மட்டும், மேலாக மட்டும் என்றுதான் கல்லை எடுத்தேன். ஆனால் எந்த வழவழப்பில் நிறுத்தவேண்டும் என்று பட்டுக்காரி கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதுவரை போய்த்தான் நின்றது. உள்ளங்கை ரோஸ் நிறத்தில், குழந்தை கை மாதிரி.

அப்புறம் தறி ஓடியது பாருங்கள். ஒரு இழை அறவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. த்தூ.

ஜனவரி 23, வெள்ளி

இரண்டு மேட்ச். இரண்டும் ஜெயித்தோம். பெண்கள் உடை மாற்றும் அறையில் குழுவின் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள். துப்பட்டாவைத் திரையாகப் பிடித்து மாறிமாறி உடுத்தினோம். விழாவாம் விழா.

கை எரிகிறது. கிரிப் மேல் கிரிப் சுற்றினேன்.

“இன்னாடி சும்மா சும்மா சுத்திகினு இருக்க?” என்றாள் அமு.

“வேர்க்குது.”

தை மாசத்தில் வேர்க்கிறதாம். நம்பினாள். நான் சொன்னால் நம்புகிறவள்.

பின்னாலிருந்து அடிப்பது நான், நெட்டில் முடிப்பது அவள். எங்கள் ஆட்டமே அதுதான். என் அடி இல்லையென்றால் அவளுக்கு முடிக்கப் பந்தே வராது.

இன்று இரவு சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

அரையிறுதி ஜெயித்தாயிற்று. கொப்புளம் இரண்டு. வீட்டுக்கு ஓடி, தறியில் விழுந்து, நாலரைக்குப் புடவையை நெய்து முடித்து அறுத்தேன். முதலாளி தடவிப் பார்த்து “பலே” என்றார். கையைப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

அமு போன் செய்தாள். “நாளைக்கு ஒரே ஒரு மேட்ச்டி. எங்கம்மா கூட வருது பாக்க.”

“வரட்டும்” என்றேன். வேறென்ன சொல்ல.

ஜனவரி 25, ஞாயிறு

தோற்றோம். 21-17, 15-21, 18-21.

வேலூர் ஜோடி. முதல் கேம் எங்களுடையது. இரண்டாவதில் பாதியில் தோல் கழன்றது. ராக்கெட் கைக்குள் சுழல்கிறது. நான் ஓங்கி அடித்தால் நெட்டில், மெதுவாகப் போட்டால் அவர்கள் திருப்பி அடிக்கிறார்கள். அமு கத்திக்கொண்டே இருந்தாள்: “ஏறி அடி! உன் ஷாட்டுதான் அது! அடிடீ!” நான் அடிக்கவில்லை, அடிக்கமுடியவில்லை. அவள் அம்மா வேலைக்குக் கட்டும் புடவையோடு முதல் வரிசையில், எது பாயிண்ட் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் என் ராக்கெட்டை உறையில் போட அமு எடுத்தாள். கிரிப் ஈரம். கையைப் பிடித்து விரித்தாள். கழன்ற தோலைப் பார்க்கவில்லை அவள். அதைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றிலும் வழவழவென்று இருந்தது. கையை விட்டுவிட்டாள்.

பரிசளிப்பு. முதலாளி மைக்கில்: “நம்ம ஆரணி கைவண்ணம்!” யார் கை என்று சொல்லவில்லை. நான் பத்தடி தள்ளி, அந்தக் கையில் கட்டோடு நிற்கிறேன். சீஃப் கெஸ்ட் அம்மா புடவையை இடக்கையில் இடுக்கிக்கொண்டு மெடல் மாட்டினார்.

“கையில என்னம்மா ஆச்சு?”

“உங்க புடவைங்க.”

“தேங்க்ஸ்ம்மா” என்று சிரித்தார். போட்டோ எடுத்தார்கள்.

ஜனவரி 26, திங்கள்

அமு போன் ஸ்விட்ச் ஆஃப். காலை கோர்ட்டுக்கும் வரவில்லை.

“வெள்ளி மெடலும் மெடல்தானே” என்றார் அப்பா. கிழித்துவிட்டேன். அவரை, அம்மாவை, டீ கொண்டுவந்த பக்கத்துவீட்டு அக்காவையும் சேர்த்து. அம்மா உள்ளே போனாள். கைக்கு மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தாள், தட்டிவிட்டேன். மஞ்சள் அப்பா தறியின் பாவு நூலில் தெறித்தது. அதற்கும் நானே துடைக்கவேண்டியதாயிற்று.

முதலாளி அடுத்த பாவுக்கு ஆள் அனுப்பினார். முடியாது என்று சொல்லச் சொன்னேன். அப்பா சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

மேகம். அமுவுக்கு இன்று வார லீவு. பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். பஸ்ஸில் ஒத்திகை: முதலாளி இப்படி அவசரப்படுத்தினார், அப்பா இப்படித் தலையாட்டினார், அம்மா இப்படிச் சொன்னாள்.

துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் அம்மா என் கையைப் பார்த்து, “அய்யோ, எரியுதாம்மா?” என்றார். அமு அவரை உள்ளே அனுப்பினாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

“நீ தேச்சதுக்கு எனக்குக் கோவமே இல்ல. உன் பொழப்பு, தேச்ச. வெள்ளிக்கெழம ஏன் சொல்லல? நான் பின்னாடி நின்னுருப்பேன், உன்ன நெட்டாண்ட நிறுத்திருப்பேன். வேற மாதிரி ஆடிருக்கலாம்டி. மூணு நாள் இருந்துச்சு நம்மகிட்ட.”

“நீ திட்டுவன்னு...”

“அதுக்கா?”

அதுக்குத்தான். வேறு காரணம் என்னிடம் இல்லை. ஒரு திட்டுக்குப் பயந்து அவளுடைய வேலையைத் தொலைத்திருக்கிறேன். ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? மறுபடியும், “அந்த முதலாளி மட்டும்...” என்று ஆரம்பித்தேன்.

துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“அவர ஏன் இழுக்குற? கோர்ட்ல எம் பக்கத்துல அவரா நின்னாரு?”