வேதப்புத்தகத்துக்குள் மூன்று கார்டுகள்

தூத்துக்குடி,
5 மார்ச் 1975

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஜெயசெல்வி எழுதுவது. நானும் ரோஸும் நல்ல சுகம். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்க ஆசைதான். ‘வந்து சேர்ந்தேன்’ என்று ஒரு தந்தியோடு ஐந்து வாரமாக வாய் திறக்காத மனுஷரிடம் எப்படிக் கேட்பது? உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் அச்சு அசல் உங்கள் அம்மாதான்.

கோபம் எதற்கென்று தெரியாதா எனக்கு? ஜனவரியில் கிளப் கோல்ஃப் போட்டியில் உங்களை ஒரு குழி வித்தியாசத்தில் ஜெயித்துக் கோப்பையை வாங்கினேன். ஆபீசர்கள் எல்லார் முன்னாலும், “பன்னெண்டு அடியைத் தானமா வாங்கிக்கிட்டு, ஜெயிச்சிட்டேன்னு நிக்கா பாருங்க” என்றீர்கள். நானும் விட்டேனா? “தோத்தவங்களுக்குத்தான் கணக்கு கசக்கும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் முகம் சுருங்கிப் போனது.

இப்போது சேதி கேளுங்கள். ஆளுக்கு எத்தனை அடி சலுகை என்ற ஹாண்டிகேப் கணக்குப் பார்த்த கிளார்க் மாற்றலாகிப் போய்விட்டார். செயலாளர் தனராஜ் சார் வீட்டுக்கே வந்து, “கணக்கு டீச்சர் இருக்கையில நாங்க ஏன் முழிக்கணும்?” என்று அவரவர் ஆட்டத்தில் அடித்த அடிகளை எழுதிக் கொடுத்த கார்டுக் கட்டையும் ஒரு பழைய புத்தகத்தையும் தந்தார். படித்தால் ஒரே வேடிக்கை. ஆதியில் கணக்கே கிடையாதாம். கெட்டிக்காரர் மற்றவருக்கு எத்தனை அடி விட்டுக்கொடுப்பது என்று இருவரும் கருவாட்டுக் கடையில் நிற்பதுபோல் பேரம் பேசுவார்களாம். பிறகு கிளப்புக்கு ஒரு கணக்கு வந்தது. ஒரு கிளப்பின் கணக்கு இன்னொன்றில் செல்லாது. எல்லா கிளப்புக்கும் ஒரே அளவு என்று முதலில் கொண்டுவந்தது யார் தெரியுமா? எண்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்துப் பெண்கள் சங்கம்! இந்த வரியை இரண்டு தடவை வாசியுங்கள்.

நம் கிளப் முறை சுலபம். உடைமரங்களுக்கு நடுவே உள்ள நம் மணல் மைதானத்தைத் தேர்ந்த ஆட்டக்காரர் எழுபது அடியில் முடிப்பார். ஒவ்வொரு கார்டிலும் எழுபதைக் கழித்து, மீதிகளின் சராசரி எடுத்தால் அதுதான் ஹாண்டிகேப். எண் குறைந்தவர் கெட்டிக்காரர். இருவர் மோதினால், குறைந்த அடியில் முடித்தவருக்கே அந்தந்தக் குழி; எண்களின் வித்தியாசத்தில் முக்கால் பங்கு அடிகளைக் கெட்டிக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். எனக்கு முப்பது, உங்களுக்குப் பதினான்கு. அதனால் பன்னிரண்டு அடி.

உங்கள் பதினான்கு 83, 84, 85 என்று நீங்கள் கொடுத்த மூன்று கார்டுகளால் வந்தது. போன ஞாயிறு என் வேதப்புத்தகம் அகப்படாமல் உங்களுடையதைக் கோவிலுக்கு எடுத்துப் போனேன். குருவானவர் புலம்பல் புத்தகத்தைத் திருப்பச் சொன்னார். திருப்பினால், கிளப்பில் கொடுக்காமல் அடையாளத்துக்கு வைத்த மூன்று கார்டுகள்! 90, 92, 94. அடப்பாவமே, இடம் பார்த்துத்தான் வைத்தீர்களா? சிரிப்பை மறைக்க இருமி இருமித் தொண்டையே புண்ணாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஆறு கார்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தேன். உங்கள் உண்மையான ஹாண்டிகேப் பதினெட்டு. அப்படியானால் எனக்குச் சேர வேண்டியது ஒன்பதே அடி. பெருமைக்காகக் கார்டைப் பதுக்கி, மூன்று அடி அதிகமாகத் தந்திருக்கிறீர்கள். அங்கே என் சிரிப்பு நின்றுவிட்டது. சமமாக முடிய வேண்டிய இரண்டு குழிகளை அந்த அதிகப்படி அடிகளால்தான் எடுத்தேன். அந்த இரண்டும் போனால், சரியான கணக்கில் ஒரு குழியில் ஜெயித்தது நீங்கள், அத்தான்.

தனராஜ் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிறவள் மறைப்பது தப்பு; பெண்டாட்டி காட்டிக்கொடுப்பது அதைவிடச் சங்கடம். மாதக் கடைசியில் புதுப் பட்டியல் ஒட்ட வேண்டும். அதற்குள், ‘அந்தக் கார்டுகளைக் கொடுத்துவிடு’ என்று ஒரு வரி எழுதுங்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, கேலி பேசியது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். உங்களைப் பார்த்து யாராவது சிரித்தால் பக்கத்தில் நான் நிற்பேன்.

ஈஸ்டருக்கு எப்படியும் வந்துவிடுங்கள். வேறு யாரை ஜெயித்தாலும் எனக்குச் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது. கர்த்தர் உங்களைக் காத்து, கோபத்தை மட்டும் கடலில் போட்டுவிட்டு ஆளை என்னிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்களிடம் நியாயமாகத் தோற்றுப்போன,
ஜெயசெல்வி